பழைய கொரோலாவில் எரியும் ‘மெயின்ட் ரெக்டு’ விளக்கை அணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன கோடையில் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். நியூ ஜெர்சியில் எடிசனிலிருந்து பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் மீட்டரை எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, மஞ்சளா ஏதோ எரியுதே. வழியில நின்னுடாதே?”

“ஒண்ணும் இல்லப்பா. ஆயில் மாத்தச் சொல்லுது.”

“இன்னும் மாத்தலையா?”

“போன வாரம்தான் மாத்தினேன்.”

“மாத்திட்டேங்கற, அப்புறம் ஏன் எரியுது?”

நல்ல கேள்வி. ஆயிலை மாற்றினால் விளக்கு தானாக அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அணையாது. நாம்தான் அணைக்க வேண்டும். நான் மறந்திருந்தேன், அவ்வளவுதான். கோயில் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திய கையோடு, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்கு இவ்வளவு பெரிய கட்டுரை எதற்கு என்றால், விளக்கை அணைப்பது சுலபம். எப்போது அணைக்கலாம் என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நானே ஏமாறப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னுடையது 2006 மாடல் டொயோட்டா கொரோலா, அமெரிக்காவில் விற்ற வண்டி. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கீழே சொல்லும் முறை 2005 முதல் 2008 வரையிலான அமெரிக்கக் கொரோலாவுக்கு அப்படியே பொருந்தும். அடுத்த தலைமுறைக் கொரோலாவுக்கும் பழைய ஹோண்டாக்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

இந்த விளக்குக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

மெயின்ட் ரெக்டு என்பது ‘மெயின்டனன்ஸ் ரெக்வயர்டு’ என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்தால் வண்டியே தன் உடம்பைச் சோதித்துப் பார்த்து, ‘எனக்குப் பராமரிப்பு வேண்டும்’ என்று சொல்வது போல இருக்கும். உண்மையில் அது வெறும் கணக்குப்பிள்ளை. கடைசியாக ரீசெட் செய்த நாளிலிருந்து எத்தனை மைல் ஓடியது என்று எண்ணிக்கொண்டே வரும். சுமார் 4,500 மைல் ஆனதும், சாவியைத் திருப்பும்போது 3 விநாடி எரிந்து, பிறகு 15 விநாடி மினுக்கும். இது முன்னறிவிப்பு. 5,000 மைல் தாண்டினால் மினுக்குவதை விட்டுவிட்டு நிலையாக எரியத் தொடங்கும். 5,000 மைல் என்பது ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர்.

ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஆயில் என்று ஒன்று இருக்கிறதா என்பதெல்லாம் இந்த விளக்குக்குத் தெரியாது. எந்தச் சென்சாரும் இதற்குச் சேதி சொல்வதில்லை. அதனால் ஆயில் புத்தம் புதிதாக இருந்தாலும் எரியும். தார் போல ஆகிவிட்டாலும் எண்ணிக்கை வரும்வரை எரியாது.

இன்னொன்றும் இதற்குத் தெரியாது. அது காலண்டர். 5,000 மைல் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்று என்பதுதான் அந்தக் கால டொயோட்டா அட்டவணை. விளக்கு மைலை மட்டும் எண்ணும், மாதத்தை எண்ணாது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள், வாரத்துக்கு ஒருமுறை மளிகைக் கடைக்கு மட்டும் வண்டியை எடுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு இந்த விளக்கு ஒன்றரை வருடம் எரியாமலே இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஆயில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

முதலில், எரிவது இதுதானா என்று பாருங்கள்

மீட்டரில் மஞ்சளாக எரிவதெல்லாம் ஒன்றல்ல. மெயின்ட் ரெக்டு என்பது எழுத்தில் இருக்கும், படம் இருக்காது.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ‘செக் எஞ்சின்’. அதற்குக் காரணம் எஞ்சின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த ஏதோ ஒரு கோளாறு. கீழே சொல்லும் முறையால் அது அணையாது. 1996-லிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி-2 சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகிக் கோளாறுக் குறியீட்டைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஓடும்போது அந்த விளக்கு மினுக்கினால் எஞ்சின் ஒழுங்காகப் பற்றி எரியவில்லை என்று பொருள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துச் சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை சீக்கிரம் ஓரம் கட்டுங்கள்.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்டி போல ஒரு படம் எரிந்தால் அது ஆயில் பிரஷர். அங்கே யோசிக்கவே கூடாது. பாதுகாப்பாக ஓரம் கட்டி, உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ‘வீடு ரெண்டு மைல்தானே, போய்விடலாம்’ என்று ஓட்டினால் எஞ்சின் போய்விடும். மெயின்ட் ரெக்டு அப்படி இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொண்டாலும் குடி முழுகிவிடாது.

அணைப்பதற்கு முன்: ஆயில் மாற்றியது உண்மையா?

இந்தக் கொரோலாவை நான் வாங்கியபோது 1,18,000 மைல் ஓடியிருந்தது. ஒரு வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் மீட்டர் துடைத்து வைத்தது போலச் சுத்தம். ஒரு விளக்கும் இல்லை. போன வாரம்தான் ஆயில் மாற்றியதாக விற்றவர் சொன்னார். மீட்டரைப் பார்த்தே தலையாட்டியிருப்பேன். கூட வந்த நண்பர்தான், “பானட்டைத் தூக்குங்க, டிப்ஸ்டிக்கை ஒரு தடவை பாத்துருவோம்” என்றார்.

டிப்ஸ்டிக் என்பது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. அதன் நுனியில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கீழ்க்குறிக்கும் கீழே. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. ஒரு வார ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். அவர் மாற்றியது ஆயிலை அல்ல, விளக்கை. நான் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கினேன். அது வேறு கதை. அன்றிலிருந்து எந்தப் பழைய வண்டியிலும் அணைந்திருக்கும் மெயின்ட் ரெக்டு விளக்கை நான் நம்புவதில்லை.

ஆகவே ரீசெட் செய்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் எல்லாம் கீழே இறங்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவி, பழைய துணியில் துடைத்து, கடைசிவரை உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழாய்ச் சுவரில் இருந்த ஆயில் ஒட்டிப் பொய் சொல்லும். அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல்குறிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டாயிரம் மைல் ஓடிய நல்ல ஆயிலும் கறுத்துத்தான் இருக்கும். ஆனால் ‘நேற்று மாற்றியது’ என்று சொல்லப்படும் ஆயில் கறுத்திருந்தால் கேள்வி கேளுங்கள். ரசீதில் ஓடோமீட்டர் எண் அச்சடித்திருக்கும். முன் கண்ணாடியின் இடது மேல் மூலையில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த சர்வீஸுக்கான மைல் இருக்கும். இரண்டையும் மீட்டரோடு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

அவசர ஆயில் கடைகளில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருப்பார்கள், விளக்கை ரீசெட் செய்ய மறந்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்து விளக்கு எரிந்ததும் வாடிக்கையாளர் பதறிப்போய், இன்னொரு கடையில் மறுபடியும் காசு கொடுத்து ஆயில் மாற்றுவார். என் அலுவலகத்தில் ஒருவருக்கு இது நடந்திருக்கிறது. ரசீதைப் பார்த்திருந்தால் போதும்.

ஆயிலை நீங்களே மாற்றுவதாக இருந்தால்

இது தனிக் கட்டுரைக்கான விஷயம். கொரோலாவுக்குத் தேவையான எண்களை மட்டும் தருகிறேன். 5டபிள்யூ-30 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் 3.7 லிட்டர், அதாவது 3.9 குவார்ட். ஐந்து குவார்ட் கேன் ஒன்று வாங்கினால் மீதியை டாப்-அப் செய்ய வைத்துக்கொள்ளலாம். வடிகால் போல்ட்டுக்கு 14 மி.மீ. ஸ்பானர், திரும்ப இறுக்கும்போது 37 நியூட்டன்-மீட்டர் போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், பிறகு ஆயில் பேனையே மாற்ற வேண்டி வரும்.

இரண்டு எச்சரிக்கை. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், அல்லது சாய்தளம் வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் புதிய ஃபில்டரைப் பூட்டும்போது வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முழுவதும் தரையில் கொட்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் அதே கேனில் நிரப்பி எடுத்துப்போனால், பெரும்பாலான ஆட்டோ பார்ட்ஸ் கடைகள் சும்மாவே வாங்கிக்கொள்ளும்.

விளக்கை அணைக்கும் முறை

கருவி எதுவும் வேண்டாம். இணையத்தில் ‘சர்வீஸ் ரீசெட் டூல்’ என்று விற்பது இந்த வண்டிக்குத் தேவையே இல்லை. இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

மீட்டர் கண்ணாடிக்கு வெளியே சின்னக் கறுப்புக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ட்ரிப் மீட்டர் குமிழ் அதுதான். அதைத் தட்டினால் திரை ஓடோ, ட்ரிப் ஏ, ட்ரிப் பி என்று மாறி மாறி வரும். ட்ரிப்பில் வைத்து அழுத்திப் பிடித்தால் அந்த ட்ரிப் பூஜ்ஜியமாகும். இதே குமிழ்தான் விளக்கையும் அணைக்கிறது.

1. வண்டியை பார்க்கில் போட்டு, கைப் பிரேக்கைப் போடுங்கள். கதவைச் சாத்திவிடுங்கள். திறந்து வைத்தால், சாவி உள்ளே இருக்கிறது என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். விநாடி எண்ணும்போது எரிச்சலாக இருக்கும்.

2. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலைகள். ஆன் என்பது மூன்றாவது. மீட்டரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். எஞ்சினை ஓடவிட வேண்டாம்.

3. திரையில் ஓடோ தெரியும்வரை குமிழைத் தட்டுங்கள். மொத்த மைல் கணக்கு, ஆறு இலக்கம். பாதிப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். ட்ரிப் ஏ-யில் இருக்கும்போதே அடுத்த படிக்குப் போனால், ட்ரிப் பூஜ்ஜியமாகும். விளக்கு அப்படியே இருக்கும்.

4. சாவியை முழுவதும் பின்னால் திருப்பி லாக் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏசிசியில் நின்றால் போதாது.

5. இடது கையை ஸ்டீயரிங் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துக் குமிழை அழுத்துங்கள். அழுத்திய விரலை எடுக்காமல், வலது கையால் சாவியை மறுபடி ஆனுக்குத் திருப்புங்கள். வரிசை முக்கியம்: முதலில் விரல், பிறகு சாவி. சாவி தவறி ஸ்டார்ட் வரைக்கும் போய் எஞ்சின் உயிர்பெற்றுவிட்டால், அணைத்துவிட்டு மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.

6. விரலை எடுக்காமல் குறைந்தது ஐந்து விநாடி. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். டொயோட்டாவின் சில வண்டிகளில் இந்த நேரத்தில் திரையில் கோடுகள் தோன்றி ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் திரையில் 000000 வரும். கூடவே மெயின்ட் ரெக்டு அணையும். இப்போது விரலை எடுக்கலாம்.

அந்த ஆறு பூஜ்ஜியங்களைப் பார்த்ததும் முதல் தடவை எனக்கு அடிவயிறு கலங்கியது. அமெரிக்காவில் ஓடோமீட்டரைத் திருப்புவது 1972-லிருந்து கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நான் என்ன செய்து தொலைத்தேன் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகாது. பூஜ்ஜியமாவது விளக்கின் உள் எண்ணிக்கை மட்டும்தான். விரலை எடுத்த பின் பழைய மைல் கணக்கு அப்படியே திரும்பி வரும்.

7. சரிபார்க்க, சாவியை லாக்குக்குக் கொண்டுபோய் மறுபடி ஆன் செய்யுங்கள். மெயின்ட் ரெக்டு சில விநாடி எரிந்து அணைந்தால் வேலை முடிந்தது. அந்தச் சில விநாடி, பல்பு உயிரோடு இருக்கிறதா என்று வண்டி செய்யும் சோதனை. எரிந்த பிறகு மினுக்கத் தொடங்கினாலோ, அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ ரீசெட் ஆகவில்லை.

ஆகவில்லை என்றால்

பத்தில் ஒன்பது முறை, திரை ஓடோவில் இல்லாததுதான் காரணம். அதற்கு அடுத்தது, சாவியைத் திருப்பும் வேகத்தில் விரல் ஒரு கணம் தளர்வது. பழைய குமிழ்கள் அழுத்தத்தில் தேய்ந்திருக்கும். நேராக அழுத்தாமல் சாய்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் சுவிட்ச் விட்டு விட்டுத் தொடும். விரலை நேராக வைத்து, கொஞ்சம் அழுத்தமாக. குமிழைத் தட்டினால் ஓடோவும் ட்ரிப்பும் ஒழுங்காக மாறுகிறதா என்று தனியாகப் பாருங்கள். மாறவில்லை என்றால் சுவிட்ச்தான் கோளாறு. அப்போது எத்தனை தடவை முயன்றாலும் விளக்கு அணையாது. மீட்டரைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் எல்லாம் ரீசெட் ஆகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ரேடியோ நினைவு அழிவது சின்ன விஷயம். எஞ்சின் கம்ப்யூட்டர் புகைக்காகச் செய்துவைத்திருக்கும் சுயசோதனைகளின் முடிவும் சேர்ந்து அழியும். நியூ ஜெர்சியில் பழைய கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. சுயசோதனை முடியாத வண்டியை அங்கே திருப்பி அனுப்புவார்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மெயின்ட் ரெக்டு எரிவதற்காக எந்த வண்டியும் இன்ஸ்பெக்‌ஷனில் தோற்பதில்லை, செக் எஞ்சின் எரிந்தால் தோற்கும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டு இருக்கிற நோயை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோலைக்கூட நம் கையால் போட அனுமதிக்காத மாநிலம் இது. இந்த ஒரு வேலையையாவது ஒழுங்காக நாமே செய்துகொள்வோம்.

விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிய வண்டியையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

மற்ற வண்டிகள்

2009 முதல் 2013 வரையிலான கொரோலாவில் ஒரே ஒரு வித்தியாசம். ஓடோவுக்குப் பதில் ட்ரிப் ஏ-யில் வைத்து ஆரம்பிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதேதான், 000000 வரும்வரை விடாமல் பிடியுங்கள். 2006-க்குப் படித்ததை 2009-இல் முயன்று, ‘நீ சொன்னது வேலை செய்யவில்லை’ என்று என் மைத்துனர் போனில் சண்டை போட்டதற்கு இதுதான் காரணம்.

0டபிள்யூ-20 சின்தெடிக் ஆயில் போடும் பிந்தைய டொயோட்டாக்களில் ஆயிலை 10,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று புத்தகம் சொல்லும். ஆனால் விளக்கு வழக்கம்போல 5,000 மைலில் எரியும். அங்கே நடுவில் வரும் விளக்கு டயர்களை இடம் மாற்றவும் பொதுவாக ஒரு பார்வை பார்க்கவும்தான். ஆயிலைத் தேவையில்லாமல் மாற்ற வேண்டியதில்லை. அளவை மட்டும் பாருங்கள்.

2001 முதல் 2005 வரையிலான ஹோண்டா சிவிக்கில் கணக்கு வேறு. 6,000 மைலுக்கு மேல் சாவியைத் திருப்பும்போது பத்து விநாடி மினுக்கும். 7,500-ஐத் தாண்டினால் நிலையாக எரியும். அணைக்க, சாவி ஆஃபில் இருக்கும்போது செலக்ட்-ரீசெட் பட்டனை அழுத்தி, விடாமல் ஆன் செய்து, சுமார் பத்து விநாடி பிடிக்க வேண்டும். 2006 சிவிக்கிலிருந்து ஹோண்டா இந்த மைல் கணக்கையே விட்டுவிட்டது. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதை வைத்து ஆயிலின் மிச்ச ஆயுளை சதவீதமாகக் கணக்கிட்டு, 15 சதவீதத்துக்கு வந்ததும் ஸ்பானர் படம் காட்டுகிறது. அதுவும் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஊகம்தான், கொஞ்சம் படித்த ஊகம்.

எனக்குப் பிடித்தது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. 90-களின் தொடக்கத்து அக்கார்டில் விளக்குக்குப் பதிலாக ஒரு சின்ன நிறக்காட்டி இருக்கும். பச்சையாக இருப்பது மைல் ஏற ஏற மஞ்சளாகி, கடைசியில் சிவப்பாகும். அதற்குக் கீழே ஒரு பிளவு. ஆயில் மாற்றியதும் வண்டிச் சாவியையே அந்தப் பிளவில் செருகி ஒரு அழுத்து அழுத்தினால் மறுபடி பச்சை.

கையோடு ஒரு குறிப்பு

ரீசெட் செய்தவுடன் தேதி, ஓடோமீட்டர் எண், போட்ட ஆயில், டிப்ஸ்டிக் அளவு நான்கையும் எழுதிவையுங்கள். நான் குளோவ் பாக்ஸில் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிறேன். பேனா வைத்தால் ஜனவரிக் குளிரில் எழுத மறுக்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்து அதையும் எழுதுவேன். 1998 முதல் 2002 வரையிலான கொரோலா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அந்த எஞ்சின்கள் ஆயிலைக் குடிப்பதில் பேர்போனவை. ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தாமலே அளவு இறங்கிக்கொண்டிருக்கும், மைல் எண்ணும் விளக்கு அதைச் சொல்லாது.

அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு நோட்டைப் புரட்டினேன். கோயிலுக்குப் போன நாளுக்கு நேரே, என் கையெழுத்துக்குக் கீழே, அவருடைய சாய்ந்த எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘விளக்கு அணைந்தது. நான் பார்த்தேன்.’